புதைத்தவர் யார்?

சென்ற மாதம் மீள்குடியேறிய கிராமமொன்றில் விவசாயிகள் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். அமெரிக்காவிலே பழைய வண்டில் பாதை ஒன்றின் ஓரமாகச் சிலர் உலோகம் தேடும் கருவியோடு நடக்கிறார்கள். கருவி கீச்சிடுகிறது. குனிந்து தோண்டுகிறார்கள். துருப்பிடித்த ஆணி ஒன்று வருகிறது. மறுபடியும் நடக்கிறார்கள்.

"பாதர், அங்கை கோடிக்கணக்கிலை பொன்னும் வெள்ளியும் தாண்டு கிடக்காம். எங்கடை பக்கமும் பழைய வண்டில் பாதை போகுதுதானே. ஸ்கானர் வைச்சிருக்கிற ஒருத்தர் பாதிப் பங்குக்கு வாறன் எண்டு சொல்லுறார். எங்கடை காணியைக் கிண்டிப் பாப்பமோ?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவராவது "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அதை நாம் கவனித்தோம்.

இதற்காக யாரையும் கோபித்துப் பயனில்லை. விதைத்தது வெள்ளத்தோடு போய், நுண்கடன்காரர் வாரந்தோறும் படலையில் வந்து நிற்கும் வீட்டிலே புதையல் பேச்சு எழுவது இயல்பு. ஆகவே அன்று உபதேசம் எதுவும் செய்யாமல் திரும்பினோம். அந்த வண்டில் பாதையைப் பற்றிக் கிடைத்ததைத் தேடி வாசித்தோம். வாசித்தறிந்ததையும், அதன்பின் எமக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

அப்பாதையின் பெயர் சாந்தா பே பாதை. மிசூரி மாநிலத்தில் தொடங்கி, கன்சாஸ் புல்வெளிகளைக் கடந்து, அக்காலத்தில் மெக்சிக்கோ நாட்டுக்குரியதாயிருந்த சாந்தா பே நகரம் வரை ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எமது தீவின் நீளம் சுமார் 435 கிலோமீற்றர்தான் என்றால், தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1821இல் வில்லியம் பெக்னெல் என்பவர் வணிகத்துக்காக இவ்வழியைத் திறந்தார். 1880இல் புகையிரதம் சாந்தா பேயை எட்டியதும் வண்டில்கள் ஓய்ந்தன. இடையிலே அறுபது ஆண்டுகள். துணியும் இரும்புச் சாமான்களும் மேற்கே போயின. வெள்ளிக் காசும், கோவேறு கழுதைகளும், விலங்குத் தோலும் கிழக்கே வந்தன.

எருது அல்லது கோவேறு கழுதை பூட்டிய அந்தப் பார வண்டில்கள் நாளொன்றுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் சென்றால் அது நல்ல நாள். வெள்ளிக் காசைப் பச்சை மாட்டுத்தோலில் பொதிந்து தைத்துவிடுவார்களாம். தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே இருக்கும் காசு அசைய இடமின்றி இறுகிவிடும். குலுக்கத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாது. வண்டில் ஓட்டிப் பழகிய எமது பெரியவர்களுக்கு இந்த யுக்தி பிடிக்கும் என்று நினைக்கிறோம். டொட்ஜ் சிற்றி என்னும் ஊருக்கு அருகே, அந்த வண்டிற் சில்லுகள் கிழித்த தடங்கள் இன்றும் புல்வெளியில் பள்ளமாகத் தெரிகின்றன.

ஆண்டுதோறும் வெள்ளி வந்த பாதை. பனிப்புயலும், கொள்ளையும், சண்டையும் நிகழ்ந்த பாதை. அதன் நெடுகிலும் புதையற் கதைகள் முளைத்ததில் வியப்பில்லை. அவற்றுள் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறோம். இரண்டிலும் நடந்தது என்ன என்பது ஓரளவு எழுத்தில் இருக்கிறது. 1831 முதல் அப்பாதையால் பலமுறை பயணம் செய்த வணிகர் ஜோசையா கிரெக், 1844இல் வெளியிட்ட தமது நூலில் இவ்விரண்டையும் பற்றி எழுதியிருக்கிறார்.

முதலாவது இடம் டொட்ஜ் சிற்றிக்கு மேற்கே, ஆர்க்கன்சாஸ் ஆற்றங்கரை. 1822ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெயார்ட், சேம்பர்ஸ் என்ற இருவர் தமது கூட்டத்தாரோடு சரக்கேற்றிக்கொண்டு சாந்தா பே நோக்கிப் புறப்பட்டார்கள். காலம் தப்பிய பயணம். நடுவழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மூன்று மாதங்கள் ஆற்றங்கரையிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். பொதி சுமந்த விலங்குகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. சரக்கைச் சுமக்க வழியில்லை, விட்டுப்போகவும் மனமில்லை. நிலத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள்.

இவ்வாறான கிடங்கை எப்படி வெட்டுவது என்று கிரெக் விபரிக்கிறார். வாய் ஒடுங்கி, உள்ளே அகன்று, கூசா வடிவில் இருக்கவேண்டும். ஈரம் ஏறாதபடி அடியிலும் சுவரிலும் காய்ந்த குச்சியும் புல்லும் பரப்பவேண்டும். வெட்டிய மண்ணைக் குவியலாக விட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை அள்ளி ஆற்றிலே கொட்டவேண்டும். எமது வாசகர்களிற் பலருக்கு இந்த வேலையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2009இல் ஊர் ஊராகப் பின்வாங்கியபோதும், மாட்டுக்கொட்டிலுக்குள்ளும், அடுப்படிக்குக் கீழும், பங்கர் ஓரத்திலும் நீங்கள் வெட்டியவையும் இத்தகைய கிடங்குகளே. கூசா வடிவத்துக்கு நேரம் இருக்கவில்லை. யூரியாப் பையும் பொலித்தீனும் காய்ந்த புல்லின் வேலையைச் செய்தன.

பெயார்ட் கூட்டத்தார் என்ன செய்தார்கள்? மெக்சிக்கோவின் தாவோஸ் ஊருக்குப் போய்க் கோவேறு கழுதைகளைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். தோண்டினார்கள். தமது சரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான். வெறுங்கிடங்குகள் மட்டும் பின்வந்த பயணிகள் பார்த்துப் பேசும் அடையாளமாகப் பல ஆண்டுகள் வாய் பிளந்து கிடந்தன. அந்த இடத்துக்கே "கிடங்குகள்" என்ற கருத்துடைய பெயர் நிலைத்துவிட்டது.

இதிலே எம்மை நிறுத்திய விடயம் ஒன்று உண்டு. புதைத்தவர் உயிரோடிருந்தால், எப்பாடு பட்டாவது திரும்பி வந்து எடுப்பார். வேறெவருக்கும் முன்னால் வருவார். இருட்டிலும் இடம் தெரிந்து வருவார். ஆகவே, மண்ணுக்குள் இன்னும் ஏதோ கிடக்கிறது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது, அவர் தம்மை அறியாமலே இன்னொன்றையும் சொல்கிறார்: அதைப் புதைத்தவர் திரும்பி வரவில்லை.

இரண்டாவது இடம் இதைக் காட்டும். அன்டோனியோ ஹோசே சாவேஸ் என்பவர் சாந்தா பே பகுதியின் மதிப்புள்ள குடும்பத்தைச் சேர்ந்த மெக்சிக்கோ வணிகர். 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐந்து வேலையாட்களோடும், இரண்டு வண்டில்களோடும், 55 கோவேறு கழுதைகளோடும் மிசூரி நோக்கிப் புறப்பட்டார். பத்து அல்லது பன்னிரண்டாயிரம் டொலர் பெறுமதியான காசும் பொன்னும், சிறிதளவு தோலும் அவரிடம் இருந்தன. பங்குனி மாதக் குளிரில் ஐந்தே ஐந்து விலங்குகள் மிஞ்சின. ஒரு வண்டிலை நடுவழியில் விட்டுவிட்டு, மற்றதோடு இழுபட்டு வந்து, ஏப்ரல் 10ஆம் திகதியளவில் சிற்றாறு ஒன்றுக்கு அருகே சேர்ந்தார். அங்கே பதினைந்து பேர் வழிமறித்தார்கள். தலைவன் பெயர் ஜோன் மக்டானியல். அக்காலத்தில் தனிநாடாக இருந்த டெக்சாசின் படையாட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கொள்ளைக்குப் படைச் சீருடையின் பெயரைச் சூட்டுவது அங்கும் இருந்திருக்கிறது.

பொருளைப் பறித்தார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 500 டொலர் வீதம் பங்கிட்டார்கள். ஏழுபேர் தம் பங்கோடு போய்விட்டார்கள். எஞ்சிய எட்டுப்பேரும், கையில் ஆயுதமில்லாத அந்த மனிதரைப் பாதையிலிருந்து அப்பால் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். உடலிலும் பெட்டியிலும் தேடியபோது இன்னும் பொன் கிடைத்தது. உடலைப் பள்ளமொன்றில் போட்டுவிட்டுப் போனார்கள். பதினைந்து பேரில் பத்துப்பேர் பின்னர் பிடிபட்டனர். மக்டானியலும் பிரவுன் என்ற இன்னொருவனும் 1844இல் சென் லூயிஸ் நகரில் தூக்கிலிடப்பட்டனர்.

இவ்வளவும் எழுதி வைக்கப்பட்டிருந்தும், சாவேஸின் பொன் அந்த ஓடைக்கரையில் இன்னும் கிடக்கிறது என்ற கதை சாகவில்லை. கொள்ளையரைக் கண்டதும் ஒரு பகுதியை அவரே புதைத்துவிட்டார் என்று கதை. எட்டுப்பேர் கூடி நின்று உடலையும் பெட்டியையும் கிளறிய பின்னும், அவருடைய பொன் மண்ணுக்குள் தப்பியிருக்கும் என்று நம்ப வேண்டும்! பொன் போன இடம் தெரிந்ததே. பதினைந்து பேருடைய சட்டைப்பைகளுக்குள் போயிற்று.

அந்த ஓடைக்கு இன்று ஜார்விஸ் ஓடை என்று பெயர். சாவேஸ் என்ற பெயர் ஆங்கிலம் பேசுவோர் வாயில் திரிந்து ஜார்விஸ் ஆயிற்று. கொலையுண்டவரின் சரியான பெயர்கூட அந்த மண்ணில் மிஞ்சவில்லை. பொன்னின் தொகை மட்டும் மறக்கப்படவில்லை. புதையற் கதைகளில் எமக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். ஒரு கொலையை அவை வரைபடமாக்கிவிடுகின்றன. வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட்டால் இது விளங்காது. நல்ல மனிதர்களும் விடுமுறைப் பொழுதுபோக்காக அங்கே போய்த் தேடுகிறார்கள். அவர்கள் ஒருவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. சாவேஸின் வீட்டாரை நினைக்கவில்லை, அவ்வளவே.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைப்பதில்லை. பாதை போன நிலம் வெறும் நிலமல்ல. கோ, ஓசேஜ் முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய நிலம். 1825இல் வண்டில்களுக்கு வழிவிடும்படி அவர்களோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. கோ மக்கள் 1847இல் பாதையோரமாயிருந்த கவுன்சில் குரோவ் பகுதியில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கும் நிலம் குறைக்கப்பட்டு, 1873இல் கன்சாசை விட்டே தெற்கே அனுப்பப்பட்டார்கள். அந்தப் பாதையில் தொலைந்துபோன ஆகப்பெரிய செல்வம் எது என்று எம்மைக் கேட்டால், இதையே சொல்வோம். எந்தக் கருவியும் இதற்குக் கீச்சிடாது. பல தலைமுறைக்குப் பின் கோ மக்கள் கவுன்சில் குரோவுக்கு அருகே சிறிதளவு நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தமது சொந்த நிலத்தையே! 1929இல் ஒரு நகரம் தன் நினைவுச் சின்னத்துக்காக எடுத்துச் சென்றிருந்த, அவர்கள் புனிதமாகப் போற்றிய பெரிய செந்நிறப் பாறையும் 2023இல் அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்ட காணிக்கு இன்னும் கம்பி வேலிக்கு வெளியே நின்று கைகாட்டும் குடும்பங்களுக்கு இதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

இனி எமது ஊருக்கு வருவோம்.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைப் பற்றிய உவமை ஒன்று நற்செய்தியில் உண்டு. கண்டெடுத்தவன் அதை மறைத்துவிட்டு, உள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். பலமுறை அதைப்பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறோம். விண்ணரசைப் பற்றிய உவமை அது. காணிச் சட்டம் படிப்பிக்க வந்ததல்ல. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்த அம்மா ஒருவர், "சுவாமி, அதைத் தாட்டு வைச்ச மனிசன்ரை பிள்ளையளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். எமக்கு மறுமொழி வரவில்லை.

அந்த அம்மா 2009 மாசி மாதம், இருந்த இடத்தை விட்டு வெளிக்கிட முன், ஒரு வடலியின் அடியில் பால்மா ரின் ஒன்றைத் தாட்டவர். மகளுடைய இரண்டு சோடிக் காப்பு, காணி உறுதி, நகை அடைவு வைத்த சிட்டை, மூத்த மகனுடைய படம் ஒன்று, இவை அதற்குள் இருந்தன. 2012இல் திரும்பிவர விட்டார்கள். வடலி எரிந்திருந்தது. சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு கிடங்குகள். யாரோ முன்னரே வந்து கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது புதையல். காப்பு போனதைப் பற்றி அம்மா அதிகம் பேசவில்லை. படத்தைப் பற்றித்தான் பேசினார். மூத்த மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

கடைசிப் போர் நடந்த பக்கங்களில் தங்கம் கிடக்கிறது என்ற கதை அன்றிலிருந்து ஓயவில்லை. நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து தோண்டியதும், வெறும் மண்ணோடு திரும்பியதும் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்திகள். அனுமதியில்லாமல் இரவிலே தோண்டுவோர் வேறு. மை போட்டுப் பார்ப்பவர், பலி கேட்பவர், ஸ்கானர் கொண்டு வருபவர் என்று அதற்கொரு தொழிலே வளர்ந்திருக்கிறது. பாதிப் பங்கு என்று சொல்பவர் முற்பணம் கேட்காமல் கருவியைத் தூக்குவதை நாம் காணவில்லை. அகப்பட்டால் நீதிமன்றம் ஏறுபவர் காணிக்காரர். நாம் அறிந்த ஒரு வயலிலே பதினைந்து அடி தோண்டி, அடியிலிருந்த உவர்க்களியை மேலே பரப்பிவிட்டுப் போனார்கள். இரண்டு போகம் அந்தத் துண்டிலே நெல் பிடிக்கவில்லை. மிதிவெடி அகற்றும் பணியும் வடக்கில் இன்னும் முழுதாக முடியவில்லை. கிண்டும் அலவாங்குக்கு அது தெரியாது.

இவற்றைவிடப் பாரமான காரணம் ஒன்று உண்டு. 2023 யூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வெட்டியவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நீதவான் வந்தார். வல்லுநர்கள் வந்து தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுடைய எச்சங்கள் அங்கிருந்து மீட்கப்பட்டன. அந்த இடத்தில் இரவோடிரவாக ஸ்கானர்காரருடைய பெக்கோ இறங்கியிருந்தால்? எல்லாம் கலந்து ஒரு டிப்பர் மண்ணாகப் போயிருக்கும். பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு இருக்கும் கடைசிச் சாட்சி ஒரு பொத்தானாகவோ செருப்பு வாராகவோ இருக்கலாம். உங்கள் காணியில் எதற்காக மண் வெட்டினாலும், இப்படி ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே அலவாங்கைக் கீழே வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். பயமாயிருந்தால் பங்குத் தந்தையிடமோ, கோவில் ஐயரிடமோ, பள்ளிவாசல் மௌலவியிடமோ முதலில் சொல்லுங்கள். தனியே போகவேண்டாம்.

தேடத்தான் வேண்டுமென்றால், தேடுவதற்கு உரித்தான ஒன்று இருக்கிறது. போர் முடிவில் வடக்கிலே மீட்டதாகச் சொல்லி இராணுவம் வைத்திருந்த நகைகளில் ஒரு பகுதி 2014இல் கிளிநொச்சியில் உரியவர்கள் சிலரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதம் இன்னொரு தொகுதி தங்க, வெள்ளி நகைகள் இராணுவத்தாரால் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டன. அவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல. விதைப்புக்கும், பிள்ளையின் படிப்புக்கும், கலியாணத்துக்குமாக எமது பெண்கள் கழற்றிக் கொடுத்து அடைவு வைத்தவையும் அவற்றுள் உண்டு. சிட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரப்படுத்துங்கள். படப்பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். சிட்டை இல்லாதவர்கள் என்ன நகை, எத்தனை பவுண், எந்த மாதம், எந்தக் கிளை என்று நினைவிலுள்ளதை இப்போதே கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நகை போட்டு எடுத்த பழைய கலியாணப் படம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஆண்டுகள் போகப் போக நினைவு தேயும்.

கைத்தொலைபேசி காட்டிய இளைஞரைச் சென்ற கிழமை மீண்டும் கண்டோம். சாவேஸ் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த அம்மான்ரை சிட்டையும் ரின்னோடை போட்டுதோ?" என்றார். போய்விட்டது. ஆனால் சிட்டை இலக்கத்தை அவர் செபப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். புத்தகம் அவரோடு கடல்நீரேரியைக் கடந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் ஈரத்தில் அழிந்திருக்கின்றன. இளைஞர் அதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழு அல்லது ஒன்று என்கிறார். இரண்டையும் எழுதி மனுவைத் தயாரித்திருக்கிறோம். வரும் வியாழக்கிழமை மூவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.